பந்திக்கு வந்த ஏரி

செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவே கோதண்டராமனின் மேஜை இருக்கிறது. மனு எழுதுவது அவர் தொழில். இருபத்தாறு வருஷமாக அதே மேஜை, அதே நாற்காலி. நாற்காலிக்கு மட்டும் இரண்டு முறை கால் மாற்றியிருக்கிறார். பட்டா பெயர் மாறவில்லை, ரேஷன் கார்டில் செத்துப்போனவர் இன்னும் சர்க்கரை வாங்குகிறார், பக்கத்து வீட்டு முருங்கை மரம் என் கூரைமேல் சாய்கிறது என்று எதற்காக வந்தாலும் எழுதித் தருவார்.

அவருடைய நைனா, அதாவது அப்பா, வல்லத்தில் பம்ப்செட் மெக்கானிக். மகன் பி.ஏ. வரலாறு படித்தான். அரசாங்கப் பரீட்சை மூன்று முறை எழுதினான். மூன்று முறையும் அரசாங்கம் அவனை வேண்டாம் என்றது. அந்த வருத்தத்தில் கோதண்டராமன் அரசாங்கத்துக்கு எழுதிய முதல் மனு தனக்காகவே. பதில் வரவில்லை. ஆனால் அதைப் படித்துப் பார்த்த நாலு பேர், "எனக்கும் இதுமாதிரி ஒண்ணு எழுதிக் குடுப்பா" என்றார்கள். ஒரு மனிதர் தொழிலில் இறங்க வேறென்ன வேண்டும்?

செஞ்சியில் மனு எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோதண்டராமனின் தனிச்சிறப்பு, அவர் இரண்டு பக்கத்துக்கும் எழுதுவார். முருங்கை சாய்கிறது என்று காலையில் எழுதியவர், அது பிறவியிலேயே அப்படி, சாய்வு மரத்தில் இல்லை, கூரையில்தான் இருக்கிறது என்று மத்தியானம் எழுதுவார். இரண்டையும் படிப்பவர் கண் கலங்கும்படி எழுதுவார். இதில் தப்பு என்ன என்று அவருக்கு இன்றுவரை புரிந்ததில்லை. டாக்டர் இரண்டு வீட்டு ஜுரத்துக்கும் மருந்து கொடுப்பதில்லையா?

ஆனால் ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் மூச்சு விடமாட்டார். மனைவி மீனம்பாளிடம்கூட. "இந்த ஊர்ல எந்தச் சங்கதியும் தெரியாத ஒரே பொம்பள ரைட்டர் பொண்டாட்டிதான்" என்று அவள் தண்ணீர்க் குழாயடியில் குறைபட்டுக்கொள்வது உண்டு. அந்தக் குறையைக் கேட்டு ஊர் அவரிடம் கூடுதலாக வந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. யார் வந்து உட்கார்ந்தாலும் பேனாவைத் திறக்குமுன் ஒரு கேள்வி: "எதிராளி இன்னா சொல்லுவான்?" வந்தவர் கொதித்துப்போவார். அவன் என்னத்தச் சொல்வான், அவன் ஒரு இது, என்று ஆரம்பித்து எதிராளியின் நியாயத்தை எதிராளியைவிடத் திருத்தமாகச் சொல்லி முடிப்பார். அதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பதில்போல மனுவை எழுதுவார் கோதண்டராமன்.

சென்ற புரட்டாசியில், சிங்கவரத்துக்கு அப்பால் இருக்கும் கொண்டலாங்குப்பத்திலிருந்து ஒரே வாரத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே ஏரி.

முதலில் முருகையன். ஏரிக்குக் கீழே மூன்று ஏக்கர் நிலக்கடலை, அந்தப் பக்கத்து வழக்கில் மல்லாட்டை. தை பிறந்ததும் மதகைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் மல்லாட்டை காய்ந்து கருகிவிடும் என்பது அவர் கட்சி. அடுத்து பூங்குழலி. மகளிர் குழுத் தலைவி. குழு ஏரியில் மீன் குத்தகை எடுத்து, கெண்டைக் குஞ்சு விட்டிருந்தது. பங்குனி வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும், தவிர, மீனைக் கொத்தித் தின்ன வரும் பறவைகளை வெடி போட்டு விரட்ட அனுமதி வேண்டும். மூன்றாவது தேவேந்திரன். நூற்றுச் சொச்சம் செம்மறி. ஏரி மாசிக்குள் வற்றினால்தான் உள்வாயில், அதாவது ஏரியின் உள்தரையில், புல் முளைக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் வயலுக்கும் போகக் கூடாது. போனால் மல்லாட்டை விதைத்துவிடுவார்கள், ஆடு மேயத் தரிசு இருக்காது.

"ஏரி வத்தணும், வயலுக்கும் போவக்கூடாது. அப்ப தண்ணி எங்கதான் போவும்?" என்று கேட்டார் கோதண்டராமன்.

"அது தண்ணியோட பாடு ரைட்டர்ணா. நம்ம நியாயத்த எழுது."

எழுதினார். மூன்று மனுவும் மாவட்ட ஆபீசுக்குப் போயின. மூன்றின் நகலும் மேஜை இழுப்பறையில் ஒன்றன்மேல் ஒன்றாக, சண்டை போடாமல் படுத்திருந்தன.

ஐப்பசியில் ஷோபனா வந்தார். சென்னையில் ஏதோ ஓர் ஆய்வு மையம். நாற்பது நாற்பத்திரண்டு வயது, பருத்திப் புடவை, தோளில் பெரிய பை, பைக்குள் ஒரு தண்ணீர்ப் புட்டி, அதன்மேல் பூமியைக் காப்போம் என்று எழுதிய ஒட்டுத்தாள். ஆய்வின் பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு டீ ஆறிப்போகும்: 'ஏரி சார்ந்த விழுமியங்களும் முரண்படும் பார்வைகளும்: நிலைத்த எதிர்காலத்துக்கான பங்கேற்பு அணுகுமுறை.' ஒப்புதல் படிவத்தை நல்ல தமிழில் மாற்றித் தர ஆள் தேடி வந்தவர், மேஜையருகே அரைமணி நேரம் நின்று வேடிக்கை பார்த்தார். பிறகு கோதண்டராமனையே ஆறு வாரத்துக்குக் கள உதவியாளராக வைத்துக்கொண்டார். ஆய்வுக்கு எடுத்த ஏரி எது என்று கேட்டபோது கோதண்டராமனுக்கு லேசாக வியர்த்தது.

"கொண்டலாங்குப்பம் தெரியுமா சார்?"

"பஸ்ல போறப்போ பாத்திருக்கேன் மேடம்."

முறைப்படி உதவியாளரின் விழுமியத்தையும் பதிவு செய்ய வேண்டுமாம். ஏரியைப் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று ஷோபனா கேட்டார். "எந்தப் பக்கத்துக்கு எழுதணும்னு சொல்லுங்க மேடம்" என்றார் கோதண்டராமன். அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று குறிக்கப்பட்டது.

ஆய்வின் உச்சம் ஒரு பயிற்சி. நாலு படம்: மல்லாட்டைச் செடி, மீன், ஆடு, பறவை. ஒவ்வொருவருக்கும் பத்துப் புளியங்கொட்டை. ஏரியில் எது முக்கியமோ அதற்குத் தகுந்தபடி படங்களின்மேல் வைக்க வேண்டும். உலகத்தில் பல நாடுகளில் இப்படித்தான் செய்கிறார்களாம். அங்கே புளியங்கொட்டைக்கு என்ன செய்வார்கள் என்று கோதண்டராமன் கேட்கவில்லை.

இடம், ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. இங்கேதான் அந்தத் தவறு நடந்தது. மழைக்காகச் சமுதாயக்கூடத்தைப் பிடித்தார். பாய் இல்லாததால் இரண்டு வரிசையாக எதிரெதிரே ஜமக்காளம் போட்டார். படம் அச்சடித்த பேனரைக் கடைக்காரன் தராமல் இழுத்தடித்ததால், முந்தின நாள் நடந்த வளைகாப்பில் மிஞ்சிய வாழையிலை நான்கைக் கழுவி, நடுவில் வரிசையாக விரித்து, ஒவ்வொரு இலையிலும் தாளில் வரைந்த ஒரு படத்தை வைத்தார். எண்பத்துமூன்று பேர் வந்து, பழக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் தண்ணீர் தெளிக்கக்கூடப் போனார். போதாததற்குக் கோதண்டராமன் எழுந்து நின்று, "யாரும் கூச்சப்படாம வைங்க" என்று சொல்லித் தொலைத்தார்.

அந்த ஒரு வார்த்தையில் ஆராய்ச்சி முடிந்தது, பந்தி ஆரம்பித்தது. பந்தியில் எவனாவது தன் இலைக்குத் தானே அள்ளி வைத்துக்கொள்வானா? பக்கத்து இலையைக் காட்டி, "எனக்குப் போதும், அவருக்கு வைங்க" என்பதுதானே கொண்டலாங்குப்பத்தில் மனுஷனுக்கு அடையாளம்?

முதல் அழைப்பு முருகையனுக்கு. பத்துக் கொட்டையையும் உள்ளங்கையில் உருட்டினார். எண்பத்திரண்டு ஜோடிக் கண்கள் அவர் கையைப் பார்த்தன. நாலு கொட்டையை மீனுக்கு வைத்தார். இரண்டு ஆட்டுக்கு. மிச்சம் நாலைப் பறவைக்கு. மல்லாட்டை இலை பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தில் ஒரு மெச்சல் முனகல் எழுந்தது.

பூங்குழலி விடுவாளா? ஐந்து மல்லாட்டைக்கு, ஐந்து பறவைக்கு. மீனைத் தாண்டிப் போகும்போது புடவைத் தலைப்பு அதன்மேல் படாமல் இழுத்துக்கொண்டாள். தேவேந்திரன் தன் பங்குக்கு ஆட்டை ஏறெடுத்தும் பாராமல், மீனுக்கும் மல்லாட்டைக்கும் சரிசமமாகப் பிரித்துவிட்டு, மிஞ்சியதைப் பறவைமேல் வைத்து ஒரு கும்பிடும் போட்டான். அதற்கப்புறம் எல்லாருக்கும் வழி தெளிந்துவிட்டது. பறவைக்குக் கேட்க ஆளில்லை, அதுவும் எங்கிருந்தோ வருகிறது, விருந்தாளி. தவிர, மேடம் கழுத்தில் தூரக்கண்ணாடி வேறு தொங்கியது. கடைசியில் பறவை இலை நிரம்பி ஜமக்காளத்தில் வழிந்தது.

ஷோபனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சார், இருபது நாட்டு ஆய்வு படிச்சிருக்கேன். தன் தேவையைத் தாண்டி இயற்கைக்கு இவ்வளவு கொடுத்த ஒரு சமூகத்தை நான் பார்த்ததே இல்லை."

கோதண்டராமன் புளியங்கொட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அரைமணி கழித்து ஏரிக்கரையில் பஸ்ஸுக்கு நின்றபோது மதகடியில் சத்தம் கேட்டது.

"தை ஒண்ணாந்தேதி நான் மதகத் தொறப்பேன். எவ தடுக்கிறான்னு பாக்குறேன்!" இது முருகையன்.

"தொற பாக்கலாம். எங்க குழு இருபது பேரும் அந்த மதகுமேலதான் குந்தியிருப்போம்!" இது பூங்குழலி.

"இப்பதானம்மா உன் மீனுக்கு நாலு கொட்ட வெச்சேன்?"

"நானுந்தான் உனுக்கு அஞ்சு வெச்சேன். சபைல வெச்சது சபையோட. மதகு வேற!"

"அது சரி, அது வேற" என்று முருகையனும் ஒத்துக்கொண்டார். அன்று அந்த ஏரியைப் பற்றி ஏற்பட்ட உண்மையான ஒருமித்த கருத்து அது ஒன்றுதான். ஆராய்ச்சியாளர் ஜீப்பில் போய்விட்டதால் அது பதிவாகவில்லை.

கார்த்திகையில் அறிக்கை தயாரானது. முப்பத்துநாலு பக்கம். முரண்படும் பார்வைகள் என்று புறப்பட்ட ஆய்வு, முரண் ஏதும் இல்லை என்று முடிந்திருந்தது. பரிந்துரை ஒரே வரி: பங்குனி முடியும்வரை மதகைத் திறக்கலாகாது, பறவைகளுக்கு எவ்வித இடையூறும் செய்யலாகாது. மார்கழியில் மாவட்ட அதிகாரி வந்து கூட்டம் போட்டு அதை உத்தரவாக்குவார்.

கோதண்டராமன் அந்த வரியை மூன்று முறை படித்தார். முருகையனின் மல்லாட்டை போச்சு. தேவேந்திரனின் புல் போச்சு. பூங்குழலிக்குத் தண்ணீர் நிற்கும், மீன் நிற்காது. வெடி போடாவிட்டால் நீர்க்காகமும் கூழைக்கடாவும் சேர்ந்து ஏரியைத் துடைத்து வைத்துவிடும். மூன்று பேரும் அவர் கட்சிக்காரர்கள். மூன்று பேரையும் கவிழ்த்தது அவர் விரித்த இலை.

"மேடம், எதிராளி இன்னா சொல்லுவான்னு ஒரு தாள்ல எழுதிப் பாத்தீங்களா?"

"எதிராளியே இல்லையே சார். அதுதானே முடிவு."

"எதிராளி இல்லாத மனு ஒண்ணுகூட நான் எழுதினதில்ல. அவங்க வெச்சது மரியாதைக்கு மேடம். மனசுல இருக்கிறது வேற."

ஷோபனா பேனாவை எடுத்தார். கெட்டிக்காரப் பெண்மணி, சந்தேகத்தைக் காது கொடுத்துக் கேட்பவர். "எப்படித் தெரியும்? ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் இழுப்பறையில் இருந்தது, மூன்று நகலாக. அதை எடுத்துக் காட்டினால் இருபத்தாறு வருஷம் போகும். நாளைக்கு எவன் வந்து அந்த மேஜைமுன் மனசைத் திறப்பான்? மீனம்பாளிடமே சொல்லாதவர் மேடத்திடம் சொன்னார் என்றால் வீட்டிலும் ஒரு மனு வரும்.

"பொதுவா... அப்படித் தோணுது மேடம்" என்றார்.

தோன்றுவதற்கு ஆராய்ச்சியில் இடம் உண்டு. இருபத்தோராம் பக்கத்து அடிக்குறிப்பில், பொடி எழுத்தில் சேர்ந்தது: 'கள உதவியாளர் ஒருவர் இதில் மாறுபடுகிறார்.' கோதண்டராமன் வாழ்க்கையில் முதல் தடவையாக அச்சேறினார்.

மார்கழிக் கூட்டம் அதே சமுதாயக்கூடத்தில். இந்தத் தடவை நாற்காலி போட்டிருந்தார், ஆனால் சனம் பழையபடி இரண்டு வரிசையாக எதிரெதிரே இழுத்துப் போட்டுக்கொண்டது. ஷோபனா வண்ண வட்டங்களோடு விளக்கினார். அதிகாரிக்கு அடுத்து இன்னொரு ஊரில் இன்னொரு ஏரி இருந்தது.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

முருகையன் தொண்டையைக் கனைத்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும், "பொம்பளைங்க ஏதாச்சும் சொல்றதுன்னா சொல்லட்டும்" என்றார்.

"பெரியவரு இருக்கிறப்ப நாங்க இன்னா சொல்றது" என்றாள் பூங்குழலி.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். ஊருக்கு எது நல்லதோ" என்றான் தேவேந்திரன். சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். மார்கழியில் வியர்க்கும் மனிதன்.

"ஏற்கெனவே யாராவது மனு ஏதும்...?" என்று அதிகாரி கேட்டார். "எனக்கு எதுவும் வந்து சேரலை." பேனா மூடியைக் கழற்றினார்.

கோதண்டராமனின் பையில் மூன்று நகல்களும் இருந்தன. காலையில் எடுத்து வைத்தவர் அவரேதான். ஆனாலும் வேறு யாரோ வைத்ததுபோல அதுவரைக்கும் பையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அதிகாரியின் பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே வந்துவிட்டது. அதைக் கீழே இறங்கவிட்டால் மூன்று பேரும் வாயைத் திறக்காமலே தோற்பார்கள். எழுந்தால் தோற்கப்போவது ஒரே ஆள். இது பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. பையைத் திறந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம். மனு மூணு இருக்குது. நான் எழுதினது."

கூடம் முழுக்கக் கேட்கும்படி படித்தார். பெயர்களை விட்டுவிட்டுத்தான் படித்தார். ஆனால் 'மூன்று ஏக்கர் நிலமும் மூன்று பெண்களும் உடைய அடியேன்' என்றால் கொண்டலாங்குப்பத்தில் அது யார் என்று ஆட்டுக்குட்டிக்குத் தெரியும். மல்லாட்டை கருகுவதைப் படித்தார். வலையில் வெறும் பாசி வருவதைப் படித்தார். செம்மறி மண்ணை நக்குவதைப் படித்தார். படித்து முடித்து, தலை நிமிராமல், வரப்போகும் வசவுக்காகக் காத்திருந்தார்.

முதலில் பேசியவள் பூங்குழலி.

"இன்னா ரைட்டர்ணா இது? அவருக்கு மட்டும் 'நெஞ்சு வெடித்துச் சாவதைத் தவிர வழியில்லை'ன்னு எழுதியிருக்க. எனக்கு 'மிகுந்த சிரமம் ஏற்படுகிறது'ன்னு எழுதியிருக்க. எங்க நெஞ்சு வெடிக்காதா?"

"ஏம்மா, உனக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்கான்! எனக்கு ஒண்ணரதான்!" என்று முருகையன் எழுந்துவிட்டார்.

"அப்ப என்னுது?" என்றான் தேவேந்திரன். "ஆடு மண்ண நக்குதாம். ஆடு எங்கய்யா மண்ண நக்கிச்சி? என்னக் கேக்காம எழுதியிருக்க. வத்தாத ஏரிய வத்த வைக்கணும்னு சொன்னேன், அத எங்க காணோம்?"

"வத்த வைப்பியா? என் மீன் இன்னா ஆவுறது?"

"உன் மீனு, உன் மீனு! மூணு வருஷமா மதகுல வல கட்டி தண்ணிய அடைக்கிறது யாரு?"

"உன் ஆடு கரைய மிதிச்சி கரஞ்சி போனத யாரு கேக்கிறது?"

பந்தி கலைந்தது. அவரவர் இலைக்கு அவரவர் கத்தினார்கள். அதிகாரி பேனாவை மூடிவிட்டு நோட்டைத் திறந்தார். ஷோபனா சுவரோரம் நின்று, கை ஓயாமல் எழுதினார். எது யார் சொன்னது, எதற்கு யார் மறுத்தது, யார் கத்தும்போது யார் சிரித்தது என்று எல்லாவற்றையும். "சார், இதுக்கு நான் எந்தக் கட்டம் போடுறது?" என்று நடுவில் கோதண்டராமனிடம் கேட்டார். முகத்தில் வருத்தம் இருந்தாலும் கண் பளபளத்தது. முதல் அறிக்கையைக் கிழித்துப்போட அவருக்கு ஒரு வாரமே பிடித்தது. அதற்கு ஆறு வாரச் சம்பளத்தைவிடப் பெரிய மனசு வேண்டும்.

இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு அதிகாரி எழுதியது: தையில் மதகைத் திறந்து மூன்று முறை தண்ணீர் விடுவது, மதகில் கீழிருந்து நாலாம் படி தெரிந்ததும் மூடுவது, மிச்சம் மீனுக்கு, முதலில் காயும் மேலண்டை உள்வாய் ஆட்டுக்கு, வெடி கூடாது, தகரம் தட்டலாம். பறவை இது பற்றி ஏதும் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து போகும்போது யாரும் கோதண்டராமனிடம் பேசவில்லை. முருகையன் மட்டும் பக்கத்தில் வந்து, "நல்லாதான் படிச்சே. ஆனா எல்லார் எதிர்லயும் படிச்சிட்டியே ரைட்டரே" என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

தை முழுவதும் கொண்டலாங்குப்பத்து ஆள் ஒருவரும் மேஜைக்கு வரவில்லை. முருகையன் தன் அண்ணன்மேல் வரப்புத் தகராறு மனுவோடு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாக வந்த அன்புச்செல்வனிடம் போனார் என்று கேள்வி. எதிராளி இன்னா சொல்லுவான் என்றெல்லாம் அன்புச்செல்வன் கேட்பதில்லையாம். பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்துவிடுகிறானாம். சேதி பரவி, பக்கத்து ஊர்க்காரர்கள் சிலரும் கோதண்டராமனைப் பார்த்தால் குசலம் மட்டும் விசாரித்தார்கள். மீனம்பாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வெளியார் வாயால் தெரிந்ததுதான் அவளுக்குக் குறை.

மாசி முதல் வாரம், மதகு மூடிய மறுநாள், பூங்குழலி வந்தாள். கரும்புச்சாறு வண்டிப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாலாம் படி பத்தாதுண்ணா. அஞ்சாம் படியிலயே மூடியிருக்கணும். அதுக்கு மனு."

கோதண்டராமன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "நான் எழுதறது வெளிய போயிரும்னு பயமில்லையாம்மா?"

"போனா போவுது. அந்த அன்புச்செல்வன்கிட்டயும் போய்ப் பாத்தேன். சரக்கு இல்ல." தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. எனக்கு எழுதற மாதிரி எழுதக்கூடாது. முருகையனுக்கு எழுதினியே, அது மாதிரி எழுதணும்."

கோதண்டராமன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தட்டி நேராக்கினார். தேதி போட்டார்.

"நெஞ்சு எந்த இடத்துல வெடிக்கணும்? மேலயா, கீழயா?"

"முதல் வரியிலயே" என்றாள் பூங்குழலி.